பழைய அறிக்கையில் 3.4, புதிய அறிக்கையில் 1: நாங்கள் பின்னால் போய்விட்டோமா?

கேள்வி: வணக்கம். நடுத்தர அளவிலான ஒரு நிறுவனத்தில் ஐடி பிரிவுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். சில வருடங்களுக்கு முன்பு எங்கள் டீமே உட்கார்ந்து, ஐடி ஆளுகைக்கான கோபிட் என்ற வழிகாட்டியின் 4.1 பதிப்பில் இருந்த முதிர்ச்சி அட்டவணையை வைத்துச் சுயமதிப்பீடு செய்தோம். 34 செயல்முறைகளுக்கும் மதிப்பெண் போட்டுச் சராசரி எடுத்ததில் 3.4 வந்தது. இயக்குநர் குழுவிடமும் அதைத்தான் சொல்லி வந்தோம். இந்த வருடம் வெளியிலிருந்து ஒரு மதிப்பீட்டாளரை வரவழைத்தார்கள். அவர் கோபிட் 2019 படி ஆறு செயல்முறைகளை மட்டும் பார்த்தார். சேஞ்ச் மேனேஜ்மென்ட்டுக்கு (சிஸ்டங்களில் செய்யும் மாற்றங்களைக் கையாள்வது) 1, தொடர்ச்சி மேலாண்மைக்கு (சிஸ்டம் விழுந்தாலும் தொழில் நிற்காமல் பார்த்துக்கொள்வது) 1, சர்வீஸ் டெஸ்க்குக்கு 3, மற்ற மூன்றுக்கும் 2 என்று கொடுத்துவிட்டார். சேஞ்ச் மேனேஜ்மென்ட்டில் 30 மாற்றங்களை எடுத்துச் சோதித்தார். 19 சரியாக இருந்தன. மீதி 11-உம் அவசரம் என்று முதலில் செய்துவிட்டுப் பிறகு ஒப்புதல் வாங்க நினைத்தவை. அதில் 4-க்குக் கடைசிவரை ஒப்புதலே வாங்கவில்லை. என் டீம் நொந்துபோயிருக்கிறது. இயக்குநர் குழுவோ, ஒரு வருடத்துக்குள் எல்லாவற்றிலும் 4 வரவேண்டும் என்று சொல்லிவிட்டது. எந்த எண் சரி? நாங்கள் பின்னால் போய்விட்டோமா? ஒரு வருடத்தில் 4 முடியுமா? அவர்களிடம் என்ன சொல்வது?

பதில்:

வணக்கம். முதலில் உங்கள் டீமிடம் போய் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்: நீங்கள் பின்னால் போகவில்லை. 3.4-ஐயும் 1-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே கூடாது, இரண்டும் வேறு வேறு அளவுகோலில் எடுத்தவை. ஆனால் அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கும். அந்த 1 தப்பான எண் இல்லை. நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் வைத்துப் பார்த்தால் நானும் 1-தான் போட்டிருப்பேன். தப்பாக இருந்தது 3.4, அதுவும் உங்கள் டீம் பொய் சொன்னதால் இல்லை, அந்த எண்ணை உண்டாக்கிய விதத்தால்.

கொஞ்சம் பின்னாலிருந்து வருகிறேன், இந்த அளவுகோல்கள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்தால் இயக்குநர் குழுவுக்கு விளக்குவது சுலபமாகிவிடும். முதிர்ச்சியைப் படிப்படியாகப் பார்க்கலாம் என்ற யோசனையை 1979-ல் பிலிப் கிராஸ்பி தர மேலாண்மைக்காக ஐந்து கட்டங்கள் கொண்ட ஒரு அட்டவணையாக முன்வைத்தார். அதை மென்பொருள் உலகத்துக்குக் கொண்டுவந்தவர் வாட்ஸ் ஹம்ஃப்ரி. அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கு மென்பொருள் எழுதித் தரும் நிறுவனங்களில் எதை நம்பி வேலை கொடுக்கலாம் என்று கண்டுபிடிக்க ஒரு வழி தேவைப்பட்டது, கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் மென்பொருள் பொறியியல் நிறுவனத்தில் அந்த வேலை நடந்தது, 1991-ல் சிஎம்எம் என்ற முதிர்ச்சி மாதிரியின் முதல் பதிப்பு வந்தது. அதில் ஒரு நிறுவனம் 3-ம் நிலை என்று சொல்லிக்கொள்ள வேண்டுமானால் அந்த நிலை வரைக்கும் கேட்கப்பட்ட எல்லாப் பகுதிகளையும் நிறைவேற்றியிருக்க வேண்டும். ஒன்றில் அமோகமாகச் செய்து இன்னொன்றின் ஓட்டையை அடைக்க வழியே கிடையாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், சராசரி பற்றிப் பேசும்போது திரும்ப வருகிறேன்.

ஐடி தணிக்கையாளர்களின் சங்கமான ஐசாகா 1996-ல் கோபிட்டைக் கொண்டுவந்தது, 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பில் முதிர்ச்சி மாதிரி சேர்ந்தது. 2007-ல் வந்த 4.1-ல், அதாவது நீங்கள் பயன்படுத்திய பதிப்பில், ஒவ்வொரு செயல்முறைக்கும் 0 முதல் 5 வரை ஒரு சின்னப் பத்தி எழுதியிருப்பார்கள். அதைப் படித்துப் பார்த்து 'நம்ம நிலைமை இந்தப் பத்திக்குப் பக்கத்தில் இருக்கிறது' என்று டிக் அடிப்பதுதான் பெரும்பாலான இடங்களில் நடந்த மதிப்பீடு. இப்போது ஒரு வேலை செய்யுங்கள். அந்தப் பழைய கோப்பைத் திறந்து சேஞ்ச் மேனேஜ்மென்ட்டின் 3-ம் நிலைப் பத்தியைப் படியுங்கள். முறையான செயல்முறை வகுக்கப்பட்டிருக்கிறது என்று தொடங்கும், அப்புறம் அதே பத்தியிலேயே, குறுக்குவழிகள் நடக்கும், செயல்முறையை அடிக்கடி தாண்டிப் போவார்கள், அங்கீகாரம் இல்லாத மாற்றங்களும் எப்போதாவது நடக்கும் என்று வரும். ஆமாம், 3-ம் நிலையில்! அப்படியென்றால் உங்களுடைய 30-ல் 4 ஒப்புதல் இல்லாத மாற்றங்களோடும் பழைய அளவுகோலில் நீங்கள் நேர்மையாகவே 3 போட்டுக்கொள்ள முடியும். உங்கள் டீம் அன்று செய்தது ஏமாற்று வேலை இல்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

2012-ல் கோபிட் 5 வந்தபோது இந்தப் பத்திகளைத் தூக்கிவிட்டார்கள். ஐஎஸ்ஓ/ஐஇசி 15504 என்ற செயல்முறை மதிப்பீட்டுத் தரத்தை அடிப்படையாக எடுத்துக்கொண்டார்கள். இப்போது அந்தத் தரத்தின் இடத்தில் 33000 வரிசை இருக்கிறது. அதில் 1-ம் நிலைக்கே செயல்முறை தன் நோக்கத்தை நிறைவேற்றியாக வேண்டும். நோக்கம் நிறைவேறவில்லை என்றால் 0, எவ்வளவு அழகான ஆவணம் வைத்திருந்தாலும் சரி. பழைய பதிப்பில் தாராளமாக 2, 3 வாங்கிய பல நிறுவனங்கள் புதிய முறையில் 1-ஐத் தொடத் தடுமாறியதற்குக் காரணம் இதுதான், உங்களுக்கு மட்டும் நடந்ததாக நினைக்க வேண்டாம். அதன்பின் வந்த கோபிட் 2019, சிஎம்எம்-ன் வாரிசான சிஎம்எம்ஐ பக்கம் சாய்ந்தது. 2016-ல் சிஎம்எம்ஐ இன்ஸ்டிடியூட்டையே ஐசாகா வாங்கியிருந்தது. இந்தப் பதிப்பில் ஒவ்வொரு செயல்முறைக்குள்ளும் இருக்கிற செயல்களுக்குத் தனித்தனியாக நிலை ஒட்டியிருப்பார்கள், பெரும்பாலும் 2-ல் தொடங்கும். 1 என்றால் வேலை ஏதோ ஒரு மாதிரி நடக்கிறது, ஆனால் செய்ய வேண்டியவற்றில் சில விடுபட்டிருக்கின்றன, ஒழுங்கு போதாது என்று பொருள். 2 என்றால் அடிப்படையானவைதான், ஆனால் ஒன்றுகூட விடுபடாமல் முழுமையாக நடக்கின்றன. 1-க்கும் 2-க்கும் நடுவில் இருக்கிற சுவரே அந்த 'முழுமை'தான்.

உங்கள் சேஞ்ச் மேனேஜ்மென்ட்டை இந்தக் கண்ணோடு பாருங்கள். கோபிட் 2019-ல் அதன் குறியீடு பிஏஐ06. அதற்குள் நான்கு நடைமுறைகள்: மாற்றக் கோரிக்கைகளை ஆராய்ந்து முன்னுரிமை கொடுத்து ஒப்புதல் வழங்குவது, அவசர மாற்றங்களைக் கையாள்வது, நிலவரத்தைப் பின்தொடர்ந்து தெரிவிப்பது, முடித்து ஆவணப்படுத்துவது. உங்கள் டீம் முதலாவதை நன்றாகச் செய்கிறது, 19 மாற்றங்கள் அதற்குச் சாட்சி. இரண்டாவது உங்களிடம் இல்லவே இல்லை, கதை அவ்வளவுதான்.

இங்கே ஒரு நுணுக்கம், உங்கள் டீமில் பலர் இதைத் தப்பாகப் புரிந்துகொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். அவசர மாற்றத்துக்குப் பிறகு ஒப்புதல் வாங்குவது குற்றமே இல்லை. நடு இரவில் சிஸ்டம் விழுந்து கிடக்கும்போது யாரும் கமிட்டியைக் கூட்ட மாட்டார்கள், கூட்டச் சொல்லி எந்தத் தரமும் கேட்கவில்லை. எது அவசரம் என்று முன்பே வரையறுத்திருக்கிறீர்களா, அந்த நேரத்தில் வாய்மொழியாகச் சரி சொல்ல யாருக்கு அதிகாரம், அவசரத்துக்காகத் திறந்துவிட்ட அட்மின் அனுமதியை அப்புறம் மூடினீர்களா, மறுநாளோ அடுத்த வாரமோ யாராவது உட்கார்ந்து அதைத் திரும்பப் பார்த்தார்களா, இதைத்தான் மதிப்பீட்டாளர் தேடியிருப்பார். பிறகு ஒப்புதல் வாங்கிய 7-க்கும் இப்படி ஒரு வழிமுறை இருந்திருந்தால் அவை நல்ல சான்றாகவே நின்றிருக்கும். வாங்காத 4 எப்படியும் ஓட்டைதான். அதைவிட என்னை உறுத்துவது 30-ல் 11 என்ற விகிதம். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அவசரம் என்றால், ஒன்று திட்டமிடுவதில் கோளாறு, அல்லது வரிசையில் நிற்கப் பிடிக்காதவர்கள் அவசரம் என்ற கதவு வழியாக நுழைகிறார்கள். எது என்று கண்டுபிடிப்பது நிலை எண்ணைவிட உங்களுக்கு ரொம்ப முக்கியம்.

இனி சராசரி. இதைப் பற்றிக் கொஞ்சம் கோபமாகவே எழுதப்போகிறேன், இத்தனை வருடத் தணிக்கை வேலையில் அதிகக் கெடுதல் செய்ததாக நான் பார்த்தது இந்த ஒரு கணக்கைத்தான். நிலைகள் என்பவை வரிசையைச் சொல்லும் எண்கள். 2 என்பது 1-ஐவிட மேல், 3 என்பது 2-ஐவிட மேல், அதோடு முடிந்தது. 1-லிருந்து 2-க்குப் போகும் தூரமும் 3-லிருந்து 4-க்குப் போகும் தூரமும் ஒன்றில்லை, கூட்டி வகுக்க அவை கிலோவோ மீட்டரோ இல்லை. 3.4 என்று எழுதியதும் பார்க்கிறவர் மனதில் 'பாதிக்கு மேலே, பரவாயில்லை' என்று ஒரு நிம்மதி வந்துவிடுகிறது. 34 செயல்முறைகளில் தொடர்ச்சி மேலாண்மை 1-ல் கிடப்பது அந்தத் தசமப் புள்ளிக்குப் பின்னால் மறைந்துபோகிறது. பயனர் பயிற்சியில் 5 வாங்கியதால் பேக்கப் ரீஸ்டோர் ஆகிவிடாது.

கோபிட் 2019 இதைத் தெளிவாகவே பிரித்து வைத்திருக்கிறது. திறன் நிலை என்பது தனி ஒரு செயல்முறைக்கு. முதிர்ச்சி நிலை என்பது பல செயல்முறைகள் சேர்ந்த ஒரு பகுதிக்கு. அந்தப் பகுதி ஒரு முதிர்ச்சி நிலையை எட்டிவிட்டது என்று சொல்ல, உள்ளே இருக்கிற எல்லாச் செயல்முறைகளும் அந்தத் திறன் நிலையை எட்டியிருக்க வேண்டும். சிஎம்எம் காலத்து அதே நியாயம்தான், பலவீனமான கண்ணிதான் சங்கிலியின் பலம். உங்கள் ஆறு செயல்முறைகளையும் ஒரு பகுதியாக எடுத்துக்கொண்டால் சராசரி 1.83 வரும், முதிர்ச்சி நிலை 1. தயவுசெய்து 1.83 என்று எங்கேயும் எழுதிவிடாதீர்கள். ஆறு எண்களையும் ஆறாகவே காட்டுங்கள்.

தொடர்ச்சி மேலாண்மைக்கு ஏன் 1 என்று நீங்கள் விளக்கம் எழுதவில்லை. அதனால் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன், உங்கள் நிலைமையோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஒரு நிறுவனத்தில் பேக்கப் சம்பந்தமான கோப்பு பார்க்கவே பிரமாதமாக இருந்தது. கொள்கை ஆவணம், பொறுப்பாளர் பெயர், தினசரி லாக், மாதாமாதம் மேலாளரின் கையெழுத்து, எல்லாமே வரிசையாக. மூன்று வருடத்து லாகில் சிவப்பு நிறமே அபூர்வம். அவர்களே போட்டுக்கொண்ட நிலை 4. நான் ஒரு உதிரி சர்வரைக் கேட்டு, நடுத்தர அளவுள்ள ஒரு டேட்டாபேஸை அதில் ரீஸ்டோர் செய்து காட்டச் சொன்னேன். மதியம் தொடங்கியது, மாலை வரைக்கும் வரவில்லை. பேக்கப் கோப்புகள் குறியாக்கம் செய்யப்பட்டிருந்தன, திறக்கும் சாவி அந்த மூல சர்வரில் மட்டும்தான் இருந்தது. அதாவது, அந்த சர்வர் போய்விட்டால் பயன்பட வேண்டிய பேக்கப், அந்த சர்வர் உயிரோடு இருந்தால் மட்டுமே திறக்கும். பேக்கப்பைப் பார்த்துக்கொண்டிருந்த பையனின் முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. அவன் மூன்று வருடமாக ஒரு நாள்கூடத் தவறாமல் வேலை செய்திருந்தான். ரீஸ்டோர் செய்து பார் என்று யாரும் அவனிடம் சொன்னதே இல்லை, லாக் பச்சையாக இருக்கிறதா என்று மட்டும்தான் கேட்டிருக்கிறார்கள்.

இந்தச் செயல்முறைக்கு என்ன நிலை கொடுப்பது? 15504 வழியில் பார்த்தால் நோக்கமே நிறைவேறவில்லை, 1-கூடக் கிடையாது. ஆவணத்தின் உயரத்தைப் பார்த்து நிலை போடுகிற பழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்று எனக்குப் புரிந்தது அன்றுதான். உங்கள் மதிப்பீட்டாளர் 1 என்று எழுதியதை நான் ஒருவிதத்தில் நல்ல சகுனமாகவே எடுத்துக்கொள்கிறேன், அவர் உள்ளே இறங்கிப் பார்த்திருக்கிறார்.

சரி, இப்போது 'எல்லாவற்றிலும் 4'.

இந்தக் கோரிக்கைக்கு நீங்கள் தலையாட்ட வேண்டாம். முடியாது என்று கையை விரிக்கவும் வேண்டாம், ஏனென்றால் அந்தக் கோரிக்கைக்குள் நியாயமான ஒரு பயம் இருக்கிறது. அவர்கள் 3.4 என்று நம்பிக்கொண்டிருந்தார்கள், திடீரென்று 1 என்றால் யாருக்கும் பதறும். அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லுங்கள், எண்ணுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள்.

4-ம் நிலை என்பது 3-ஐ இன்னும் கறாராகச் செய்வது என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். அதாவது இன்னும் நாலு படிவம், இன்னும் இரண்டு ஒப்புதல். அப்படி இல்லை. 3-ல் நிறுவனம் முழுக்க ஒரே மாதிரி வகுத்த முறையில் வேலை நடக்கிறது. 4-ல் அந்த வேலையை எண்களால் அளக்கிறீர்கள், அந்த எண்களை வைத்து ஓட்டுகிறீர்கள். உங்கள் சேஞ்ச் மேனேஜ்மென்ட்டில் சொன்னால், தோற்றுப்போய்த் திரும்ப எடுக்கப்பட்ட மாற்றங்கள் எத்தனை சதவீதம், அவசர மாற்றங்கள் எத்தனை, மாற்றத்துக்குப் பின்னால் 24 மணி நேரத்தில் வந்த புகார்கள் எத்தனை, இவற்றின் வழக்கமான ஏற்ற இறக்கம் எவ்வளவு, எந்த மாதம் அந்த வரம்பைத் தாண்டியது, தாண்டியபோது யார் என்ன செய்தார்கள். இதற்கு முதலில் 3-ம் நிலை நிலையாக ஓட வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் அளப்பது செயல்முறையை இல்லை, குழப்பத்தைத்தான். அப்புறம் போதுமான அளவு தரவு சேர வேண்டும். மாதத்துக்கு ஒரு எண் என்று ஐந்தாறு எண்களை வைத்துக்கொண்டு 'இதுதான் எங்கள் வழக்கமான வரம்பு' என்று யாரும் சொல்ல முடியாது. 1-ல் இருக்கிற ஒன்றை ஒரு வருடத்தில் 4-க்குக் கொண்டுபோகிறேன் என்று யாராவது உங்களிடம் வந்து சொன்னால், அவர் ஆவணம் தயாரித்துத் தரப்போகிறார் என்று அர்த்தம், அவரை விட்டுவிடுங்கள். சேஞ்ச் மேனேஜ்மென்ட்டை ஒரு வருடத்தில் உறுதியான 2-க்குக் கொண்டுவந்து, 3-க்கான வேலையைப் பாதிக்கு மேல் முடித்தால், என்னைப் பொறுத்தவரை அது நல்ல வருடம். சர்வீஸ் டெஸ்க் ஏற்கெனவே 3-ல் இருக்கிறது, டிக்கெட் தரவும் நிறைய இருக்கும். 4-ஐ எங்காவது முயன்று பார்க்க வேண்டுமென்றால் அங்கே பாருங்கள், இயக்குநர் குழுவுக்கும் 4 என்றால் கண்ணுக்கு எப்படி இருக்கும் என்று காட்டின மாதிரி இருக்கும்.

அதைவிடப் பெரிய கேள்வி, எல்லாவற்றிலும் எதற்கு 4? ஒவ்வொரு படியும் ஆள், நேரம், பணம் கேட்கும். நீங்கள் நடத்துகிற தொழிலுக்கு ஒரு மணி நேரம் சிஸ்டம் நின்றால் பெரிய அடி என்றால் மாற்றமும் தொடர்ச்சியும் பாதுகாப்பும் மேலே போக வேண்டும். புதுமைகளைத் தேடுவது மாதிரி வேறு சில செயல்முறைகள் 2-லேயே பல வருடம் நிம்மதியாக இருக்கலாம், யாருக்கும் நஷ்டமில்லை. கோபிட் 2019-ல் மொத்தம் 40 ஆளுகை, மேலாண்மை இலக்குகள் இருக்கின்றன. அவற்றில் உங்களுக்கு எவை முக்கியம் என்று தேர்ந்தெடுக்க 11 வடிவமைப்புக் காரணிகளைக் கொடுத்திருக்கிறார்கள். நிறுவனத்தின் உத்தி, இடர் நிலவரம், அச்சுறுத்தல் சூழல், சட்ட விதிகளின் கெடுபிடி, தொழிலில் ஐடி-யின் பங்கு, வேலையை வெளியே கொடுக்கிறீர்களா உள்ளேயே செய்கிறீர்களா என்பது, நிறுவனத்தின் அளவு என்று போகும். இதற்கென்று ஒரு எக்செல் கருவியும் இருக்கிறது. அதில் வரும் முடிவைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ள வேண்டாம், ஆனால் இயக்குநர் குழுவை உட்காரவைத்து அந்தக் கேள்விகளுக்கு அவர்கள் வாயாலேயே பதில் வாங்கினால், 'எல்லாவற்றிலும் 4' அவர்களே கைவிடுகிற பேச்சாகிவிடும். இதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பார்த்திருக்கிறேன். எந்தச் செயல்முறை உடைந்தால் எவ்வளவு அடி என்று அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். நாம்தான் அதைக் கேட்பதே இல்லை.

இயக்குநர் குழுவைப் பற்றி இன்னொன்று. இதைச் சொல்ல உங்களுக்குத் தயக்கம் இருக்கும், இருந்தாலும் சொல்லியாக வேண்டும். ஆளுகையும் மேலாண்மையும் ஒன்றில்லை. 2008-ல் வந்த ஐஎஸ்ஓ/ஐஇசி 38500 தரமே, மேலே இருப்பவர்களின் வேலை மதிப்பிடுவது, வழிநடத்துவது, கண்காணிப்பது என்று மூன்றாகச் சொன்னது. கோபிட் 5-உம் அதற்குப் பிறகு 2019-உம் அந்த மூன்றையே ஒரு தனிப் பகுதியாக்கி, இடிஎம் என்று பெயரிட்டு, ஐந்து செயல்முறைகளை அதில் வைத்தன. பழைய 4.1-ல் இது 34-ல் ஒன்றாக ஒரு ஓரத்தில் இருந்தது, அதனால் யார் கண்ணிலும் படவில்லை. இந்த ஐந்துக்கும் பொறுப்பு இயக்குநர் குழுவுக்கு. உங்கள் மதிப்பீட்டில் இந்த ஐந்தில் எதையாவது பார்த்தார்களா? கேட்ட விதத்தைப் பார்த்தால் இல்லை என்று தோன்றுகிறது. எவ்வளவு இடரை ஏற்றுக்கொள்ளத் தயார் என்று அவர்கள் எப்போதாவது எழுத்தில் சொல்லியிருக்கிறார்களா? அது அந்த ஐந்தில் இடரைப் பார்க்கிற இடிஎம்03-ன் வேலை. அது இல்லாமல் சேஞ்ச் மேனேஜ்மென்ட்டுக்கு 2 போதுமா 4 வேண்டுமா என்று நீங்கள் எப்படி முடிவெடுக்க முடியும்? அடுத்த சுற்றில் குறைந்தது இடிஎம்03-ஐயாவது சேர்க்கச் சொல்லுங்கள். குற்றம் சொல்கிற தொனியில் வேண்டாம், 'இது இருந்தால்தான் எங்கள் இலக்கை நாங்கள் சரியாக வைக்க முடியும்' என்று கேளுங்கள். அது உண்மையும்கூட.

இனி வேலை. அடுத்த சில மாதங்களுக்கு நான் உங்கள் இடத்தில் இருந்தால் இரண்டைத் தவிர வேறெதையும் தொடமாட்டேன். அவசர மாற்றத்துக்கு ஒரே பக்கத்தில் ஒரு வழிமுறை: எது அவசரம், யார் சரி சொல்லலாம், எத்தனை நாளுக்குள் டிக்கெட்டை முழுமையாக்க வேண்டும், திறந்த அனுமதியை யார் மூடுவார். இதை நீங்கள் தனியாக எழுதாதீர்கள், அந்த 11 மாற்றங்களையும் செய்தவர்களை உட்காரவைத்து அவர்களையே எழுதச் சொல்லுங்கள், நடு இரவில் என்ன முடியும் என்ன முடியாது என்று அவர்களுக்குத்தான் தெரியும். அப்புறம் வாரம் ஒரு முறை அரை மணி நேரம், அந்த வாரத்து அவசர மாற்றங்களை மட்டும் திரும்பப் பார்க்கிற ஒரு கூட்டம். யாரையும் திட்டுவதற்காக இல்லை, இது ஏன் அவசரமாயிற்று என்று கேட்பதற்காக. சில வாரங்களிலேயே ஒரே அப்ளிகேஷன், ஒரே துறை, ஒரே ஆள் என்று ஏதாவது திரும்பத் திரும்ப வருவது தெரிந்துவிடும். இரண்டாவது, ரீஸ்டோர். முக்கியமான சிஸ்டங்களை வரிசைப்படுத்தி, மாதம் ஒன்றை நிஜமாகவே வேறொரு சர்வரில் எழுப்பிப் பாருங்கள், எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று குறித்துவையுங்கள். முதல் முறை தோற்றால் அந்தத் தோல்வியையும் அப்படியே எழுதிவையுங்கள், ஒரு மதிப்பீட்டாளருக்கு அதைவிட நல்ல சான்று கிடையாது.

ஒரு எச்சரிக்கை. நிலை எண்ணை யாருடைய சம்பள உயர்வோடும் போனஸோடும் கட்ட விடாதீர்கள், இயக்குநர் குழுவிலிருந்து அந்தப் பேச்சு வந்தால் உறுதியாக மறுத்துவிடுங்கள். அப்படிக் கட்டிய ஒரு இடத்தில் மறுமதிப்பீட்டுக்குப் போனபோது எல்லா மாற்றங்களுக்கும் ஒப்புதல் கச்சிதமாக இருந்தது. சிஸ்டத்தின் நேர முத்திரையை எடுத்துப் பார்த்தால், ஒரு வருடத்து ஒப்புதல்களில் பெரும்பகுதி நான் வருவதற்கு முந்தைய இரண்டு நாட்களில் போடப்பட்டவை. நல்ல மனிதர்கள்தான், எண்ணுக்குப் பயந்து அந்த நிலைக்குப் போயிருந்தார்கள். உங்கள் டீம் 4 மாற்றங்களுக்கு ஒப்புதல் வாங்கவில்லை என்பதை மறைக்காமல் காட்டியிருக்கிறது. அந்த நேர்மையை இந்த எண்களுக்காக இழந்துவிடாதீர்கள், இதை அவர்களிடம் நேரில் சொல்லிப் பாராட்டுங்கள், மெயிலில் வேண்டாம்.

இயக்குநர் குழுவுக்கு ஒரே ஒரு பக்கம் போதும். மேலே இரண்டு வரி: பழைய எண்ணும் புதிய எண்ணும் வேறு அளவுகோல்கள், 3.4 என்று சராசரி சொன்னது எங்கள் பிழை, இனி சராசரி தரமாட்டோம். கீழே ஆறு செயல்முறைகள், ஒவ்வொன்றுக்கும் இன்றைய நிலை, அது இப்படியே இருந்தால் தொழிலுக்கு என்ன ஆகலாம் என்று ஒரே வாக்கியம், நீங்கள் முன்வைக்கிற இலக்கு நிலை, எப்போது, என்ன செலவு. கடைசி நெடுவரிசையைக் காலியாக விடுங்கள், இந்த இலக்கு போதுமா என்று அவர்கள் தீர்மானித்து நிரப்புவதற்காக.

அதற்கு முன்னால் மதிப்பீட்டாளரிடமிருந்து ஒன்றைக் கேட்டு வாங்கிவிடுங்கள். வெறும் இறுதி எண் மட்டும் அறிக்கையில் இருந்தால் போதாது, ஒவ்வொரு செயலுக்கும் அவர் என்ன தரம் போட்டார் என்ற வேலைத்தாள் வேண்டும். பொதுவாக நான்கு தரங்களில் போடுவார்கள்: 15 சதவீதம் வரை என்றால் எட்டவில்லை, 50 வரை ஓரளவு, 85 வரை பெரும்பாலும், அதற்கு மேல் முழுமை. சேஞ்ச் மேனேஜ்மென்ட்டில் அவசர மாற்றம் தவிர வேறு எதிலாவது 'ஓரளவு' என்று வந்திருக்கிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் 2-க்கும் உங்களுக்கும் நடுவில் அந்த ஒரு பக்க வழிமுறையும், அதை ஒழுங்காக நடத்திக் காட்டிய சில மாதங்களும்தான் இருக்கின்றன. வந்திருந்தால் அந்த வரிகளை எனக்கு அனுப்புங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.